சிலந்தியின் பொழுதும் நமது பாடவேளையும்

நமது கலாசாலையில் பிராணி சாஸ்திரச் செய்முறை வகுப்புப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடிகின்றது. அவ்விரண்டு மணி நேரத்தில் மாணவர்கள் ஸ்பிரிட்டில் ஊறிய சிலந்தி ஒன்றைத் தட்டிலிட்டு, கால்களை எண்ணி, கண்களை எண்ணி, நூல் சுரக்கும் காம்புகளைப் படமெழுதி, குறிப்பேட்டில் ஆசிரியர் கையொப்பம் பெற்றுச் செல்வர். யானும் பல ஆண்டுகளாக அக்கையொப்பத்தைக் குறைவின்றி இட்டு வருகின்றேன். சென்ற ஆண்டு ஒருநாள், வகுப்பு முடியுந் தறுவாயில், "இப்பிராணி நாள் முழுதும் யாது செய்கின்றது என்பதை உங்களுள் யாரேனும் கண்டதுண்டோ?" என்று வினவினேன். கல்வராயன் மலையினின்று வந்து பயிலும் மாணவர் ஒருவர், "ஐயா, இந்த நேரத்தில் அது ஒன்றும் செய்யாது, இலையைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். எங்கள் ஊருக்கு இரவில் வந்தால் காட்டுகிறேன்" என்றார். வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை, என்னை? அவர் கூறியது முற்றும் உண்மை. நமது பாடவேளையும் சிலந்தியின் பொழுதும் ஒன்றையொன்று ஒருபோதும் சந்திப்பதில்லை.

மார்கழி விடுமுறையில் அவர் அழைப்பை ஏற்றுச் சென்றேன். கள்ளக்குறிச்சியினின்றும் கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்தால் மலைச்சாலை தொடங்கிவிடும். அது வளைந்து வளைந்து ஏறி வெள்ளிமலையைச் சேர்கின்றது. அடிவாரத்து முட்புதர்க் காட்டிலேயே முதற் பாடம் தொடங்கிற்று. இலந்தைச் செடியொன்றின் கிளைக்கவட்டில், உலர்ந்த இலைகளும் பூச்சிகளின் இறகுகளும் சேர்த்து நூலாற் பொதிந்த அழுக்கு மூட்டை போன்றதொரு கூடு. அதனைச் சூழ அழுக்கேறிய கம்பளித் துண்டுபோல் வலை. பகலில் ஒரு சிலந்தியும் வெளியில் இல்லை. இதுவே ஸ்டெகோடைபஸ் சரசினோரம் என்னும் கூடிவாழ் சிலந்தி. ஆயிரக்கணக்கான சிலந்தி இனங்களுள் கூடி வாழ்வன மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று நம் தென்னாட்டு வறண்ட புதர்களில் எளிதிற் காணக்கிடக்கின்றது என்பதை நம் மாணவர்களுள் எத்துணைப் பேர் அறிவர்? மாலை மயங்கியவுடன் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டு, கிழிந்த வலையைப் பலவும் சேர்ந்து செப்பனிடும். பெரிய வண்டொன்று வீழ்ந்தால் பல கூடி இழுக்கும். குஞ்சுகள் வளருங்கால் தாய் முதலில் தன் வாயினின்று உணவூட்டி, முடிவில் தன் உடலையே உணவாக்கி மடிகின்றது. இதனைத் தியாகம் என்று பாராட்ட வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அஃது அவ்வினத்தின் வாழ்க்கை முறை, அவ்வளவே. ஆனால் கண்டவர் எளிதில் மறவார்.

இருட்டிய பின் மலைமேல் யாங்கள் கண்டவற்றை விரிவாகக் கூறுதல் வேண்டும். என் வழக்கு முழுவதும் அவற்றையே சார்ந்து நிற்பது. ஊருக்கு வெளியே சாமை அறுத்த கொல்லையில், அம்மாணவர் டார்ச் விளக்கைத் தம் நெற்றிப்பொட்டில் வைத்துக்கொண்டு தரையை நோக்குமாறு கூறினார். விளக்கைக் கீழே தாழ்த்திப் பிடித்தபோது ஒன்றுமில்லை. கண்ணுக்கு அருகில் உயர்த்திப் பிடித்தவுடன் தரையெங்கும் பசிய பொறிகள்! பனித்துளி என்று மயங்கினேன். பனித்துளி பல நிறங் காட்டி மினுங்கும், இவையோ நிலைத்த பச்சொளி உடையன, அணுகினால் ஓடுவன. ஓநாய்ச் சிலந்திகளின் கண்ணுள் ஒளியை வந்த வழியே திருப்பும் படலம் ஒன்றுண்டு. பூனைக் கண் இருளில் ஒளிர்வதும் இதனாலேயே. ஆதலின் விளக்கு நம் கண்ணருகே இருந்தாலன்றி அவ்வொளி நம்மை வந்து அடையாது. பகல் முழுதும் அக்கொல்லையில் நடந்திருந்தால் நாலைந்து சிலந்திகளைக் கண்டிருப்போம். இரவில் எண்ணத் தொடங்கி இடையில் விட்டுவிட்டோம். ஒன்றன் முதுகின்மேல் அதன் குஞ்சுகள் அடுக்கடுக்காக ஏறியிருந்தன. விளக்கொளியில் அம்முதுகே பொடிமணி போல் மின்னிற்று.

அடுத்து வேலியோரம். பகலிற் சுருட்டிய இலைக்குள் கிடந்த நியோஸ்கோனா என்னும் சிலந்தி, இருள் கவிந்தவுடன் இறங்கி வந்து நூலைக் காற்றில் விட்டது. அந்நூல் எதிர்ச்செடியிற் பற்றிய பின் அதுவே பாலமாயிற்று. பின்னர்ச் சட்டம், பின்னர் நடுவினின்றும் விரியும் ஆரைகள், பின்னர் நடுவிலிருந்து புறம் நோக்கிச் சுற்றும் ஒரு தற்காலிகச் சுருள். இதுவரை இட்ட நூலில் பசை இல்லை. இனிதான் வேலையின் உயிர்ப்பகுதி: புறத்தினின்று உள்நோக்கிப் பசைநூலைச் சுற்றிக்கொண்டே, முன்னர் இட்ட சுருளை அறுத்து நீக்கிக்கொண்டே வரும். கொத்தனார் சாரத்தைப் பிரித்துக்கொண்டு இறங்குவது போலும். ஏறக்குறைய ஒரு மணிக்குள் வலை முடிந்தது. விடியலுக்குச் சற்று முன்னர் யாங்கள் மீண்டும் வந்து நோக்கியபோது அச்சிலந்தி தன் வலையைத் தானே சுருட்டி விழுங்கிக்கொண்டிருந்தது. உண்ட நூலின் சத்து வீணாவதில்லை. அடுத்த வலைக்குரிய நூலாகவே பெரும்பாலும் திரும்புகின்றது. பகலில் அவ்விடத்தே வருவோர்க்கு அங்கு ஒரு வலை இருந்ததென்பதற்குச் சான்றே இராது.

இதற்கு நேர்மாறானது ஆர்ஜியோபே. நம் வேலிகளிலும் தோட்டங்களிலும் வலையின் நடுவே வெண்ணூலாற் பெருக்கற்குறி போல் வளைவளைவாகப் பின்னி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து அக்குறியின்மேல் தலைகீழாக அமர்ந்திருப்பது இதுவே. இருட்டிலேயே வலையைப் புதுப்பித்து முடித்துவிட்டு, வெயில் ஏறியும் அங்கேயே வீற்றிருக்கும். அவ்வெண்ணூற் கோலத்தின் பயன் யாதென்பதில் அறிஞர்க்குள் இன்னும் ஒருமைப்பாடில்லை. பூச்சிகளை ஈர்ப்பதென்பர் சிலர். பறவைகள் வலையிற் பாயாது விலக்குவதென்பர் சிலர். மலைச்சோலையில் மரத்திற்கு மரம் பொன்னிற நூல் கட்டும் நெபிலாவோ இரவும் பகலும் வலையைவிட்டு அகலாது. பெண் விரல்நீளம் இருக்க, ஆண் அதன் வலையோரத்தில் ஒரு துரும்புபோல் ஒட்டியிருக்கும். பகல் வேட்டையில் வல்லது வலை கட்டாத தத்துச் சிலந்தி. நம் விடுதிச் சுவர்களில் ஈயைக் குறிவைத்துப் பாய்வது அது. இரவில் நூற்பையொன்று கட்டி அதனுள் ஒடுங்கிவிடும். சில இனங்கள் ஒற்றை நூலில் தொங்கியவாறே இரவைக் கழிக்கும். 2022-ஆம் ஆண்டில் டேனியெலா ரோஸ்லர் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், அவ்வாறு தொங்கி உறங்கும் ஐரோப்பியத் தத்துச் சிலந்திக் குஞ்சுகளின் உடல் வழியே கண்ணின் உட்பகுதி அசைவதைக் கண்டு வெளியிட்டார். நாம் கனாக் காணும் உறக்கத்திற் கண்மணி உருளுவதை அஃது ஒத்திருந்தது. சிலந்தி கனாக் காண்கின்றதோ என்று உலகம் கேட்கத் தொடங்கியது அப்பொழுதுதான். அம்மாணவரிடம் இதனைக் கூறியபோது அவர் வியப்படையவில்லை. "உறங்கினால் கனவு வராதா ஐயா?" என்றார்.

நிற்க. இரவில் உழைப்பதற்குக் காரணம் உண்டு. பகலிற் பறவை உண்டு, ஓணான் உண்டு, எல்லாவற்றினும் கொடிய குளவி உண்டு. வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவியின் கூட்டை உடைத்துப் பார்த்தவர்க்குத் தெரியும்: உள்ளே இறவாமலும் அசையாமலும் அடுக்கப்பட்டுக் கிடப்பன சிலந்திகளே. புழுவொன்று குளவியாய் மாறுவதாக நாம் வழங்கும் பழமொழிக்குப் பின்னால் நிகழும் உண்மை இது; அச்சிலந்திகள் குளவிக்குஞ்சுக்கு உணவு. குளவி பகலில் மட்டுமே வேட்டையாடுவது. ஆதலின் இருள் சிலந்திக்கு அரண்.

ஆயினும் பொழுதை அறிவது எவ்வாறு? வெளிச்சத்தைக் கண்டு மட்டும் அன்று. அமெரிக்காவின் டென்னஸி மாகாணத்து ஆராய்ச்சியாளர்கள் சில வலைச் சிலந்திகளை இடையறாத இருளில் வைத்துச் சோதித்து, 2017-இல் ஒரு புதுமையை அறிவித்தனர். மனிதனது உட்கடிகாரம் ஏறக்குறைய இருபத்துநான்கு மணிக்கு ஒருமுறை சுற்றுவது. அச்சிலந்திகளுள் மூன்று இனங்களின் உட்கடிகாரமோ பதினேழரை முதல் பத்தொன்பது மணிக்குள் ஒரு சுற்று முடித்துவிடுகின்றது. அஃதாவது நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருகிக்கொண்டே வாழ்கின்றன. நம்மவர் ஒருவர் விமானமேறிக் கடல் கடந்து சென்று அடையும் தலைச்சுற்றலை இவை அன்றாடம் அடைந்தும் ஒன்றும் ஆகாதிருக்கின்றன! அவற்றுள் இரண்டு, முள்வயிற்றுச் சிலந்தி எனத்தகும் காஸ்டரகாந்தா வகையையும் ஸைக்ளோஸா வகையையும் சேர்ந்தவை. இவ்விரு வகையின் உறவினங்கள் தென்னிந்தியாவிலும் உள. அவற்றின் கடிகாரம் எவ்வாறு ஓடுகின்றது என்று நம் மாணவரொருவர் ஏன் அளந்து பார்த்தலாகாது? உயிர்களின் நாட்கடிகாரத்தைப் பற்றிய ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. மதுரையில் எம். கே. சந்திரசேகரன் குகைவௌவால்களை வைத்து அத்துறையை வளர்த்தது தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கை வரலாறு நினைவுக்கு வருகின்றது. 1948-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்துப் பேராசிரியர் பீட்டர்ஸ் என்பவர், தாம் ஆராய்ந்த சிலந்திகள் இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையே வலை கட்டுவதால் உறக்கம் கெட்டு, அவற்றை வசதியான வேளைக்கு மாற்ற மருந்துண்டோ என்று பீட்டர் விட் என்னும் மருந்தியல் அறிஞரை நாடினார். விட் பலவகை மருந்துகளை ஊட்டிப் பார்த்தார். வலை கட்டும் வேளை மாறவில்லை. வலையின் வடிவந்தான் மாறிற்று. காப்பிச் சத்து உண்ட சிலந்தி தாறுமாறாகக் கட்டிற்று. அதனின்று வேறோர் ஆராய்ச்சித் துறை கிளைத்ததென்பது வேறு செய்தி. பீட்டர்ஸுக்கு மட்டும் உறக்கம் கிடைக்கவில்லை. அவர் உறக்கம் விழித்தேனும் பார்த்தார். நாம் அதுவும் செய்யாமல், சிலந்தியைக் கொன்று இரண்டு மணிக்குக் கொணர்ந்து வைத்துக்கொள்கின்றோம்.

வலையை நாள்தோறும் புதிதாகக் கட்டுவதை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். திருவானைக்காவின் தல வரலாற்றில், சருகு வீழாதபடி இலிங்கத்தின்மேல் சிலந்தி வலை கட்டுவதும், யானை அதனை அழிப்பதும், சிலந்தி மீண்டும் கட்டுவதும், அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாய்ப் பிறந்ததும் கூறப்படுகின்றன. அக்கதையை முதலிற் கூறியவர் ஏதோவொரு மண்டபத்தில் விடியற்காலையில் நின்று சிலந்தியை நன்கு நோக்கியவராகவே இருத்தல் வேண்டும் என்பது என் துணிபு. நாம் பள்ளியில் ஆங்கில வாசகத்திற் பயின்ற கதை வேறு: ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ், பலமுறை வீழ்ந்தும் முயன்ற சிலந்தியைக் கண்டு ஊக்கம் பெற்றாரென்பது. முன்னதிற் பக்தியும் பின்னதில் விடாமுயற்சியும் சிலந்தியின்மேல் ஏற்றப்பட்டன. கதைகள் கதைகளாக நிற்கட்டும். ஆனால் தேர்வுக்குச் செல்லும் இளைஞனிடம், "சிலந்தியைப்போல் ஓயாது உழை" என்று கூறுவோர் ஒருமுறை அதன் பக்கத்தில் அமர்ந்து பார்க்கவேண்டும். வலை கட்டிய பின் அதன் நாளிற் பெரும்பகுதி, அசையாது காத்திருப்பதே.

நன்கு அறியாமையால் வரும் கேடு வகுப்பறையோடு நிற்பதாயின் யான் இத்துணை எழுதியிரேன். கள்ளக்குறிச்சிச் சமவெளி நெல் விளையும் பூமி. நம் மாணவருட் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். நெற்பயிரின் தூரடியில் தங்கிச் சாறுறிஞ்சும் புகையானைப் பற்றி அவர்க்கு யான் கூறவேண்டுவதில்லை. அப்புகையானை அதே தூரடியில் வேட்டையாடுவது ஓநாய்ச் சிலந்தி. நெல்லிலைகளுக்கிடையே மாலையில் வலை விரிக்கும் நீண்டதாடைச் சிலந்தியும் அதற்குத் துணை. வயலிற் பூச்சி கண்டவுடன் மருந்தடித்தால் முதலில் மடிவது சிலந்தி. சில நாட்களில் முட்டையினின்றும் வெளிப்படும் புகையானுக்குப் பகையில்லாத வயல் கிடைக்கின்றது. முன்னினும் பன்மடங்கு பெருகுகின்றது. இந்தோனேசியாவில் இத்தொல்லை நாட்டின் அரிசியையே அச்சுறுத்தியதால், 1986-இல் அந்நாட்டு அரசாங்கம் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடுத்துவிட்டது. நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதனைக் கணக்காகவே கூறுகின்றது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்தை நாடலாம், குத்துக்கு ஒரு சிலந்தி இருப்பின் தூருக்கு இரண்டு வரும்வரை பொறுக்கலாம். அஃதாவது ஒரு சிலந்தி இருக்கின்றதா இல்லையா என்பதன்மேல் ஓர் உழவரின் மருந்துச் செலவு தொங்குகின்றது. உச்சிவெயிலில் வரப்பில் நின்று பார்த்தால் அந்த ஒரு சிலந்தி கண்ணிற் படுமா? அந்தியிலோ விடியலிலோ குனிந்து தூரடியைப் பிரித்துப் பார்ப்பவர்க்கே புலப்படும். இதற்கு நுண்பெருக்கிக் கண்ணாடி வேண்டாம். கல்லூரிப் பட்டமும் வேண்டாம். ஆனால் பட்டம் பெற்றவர்க்கு இது தெரியாதிருப்பது வெட்கத்திற்குரியது.

இன்னுமொரு பழி. மழைக்காலத்து இரவில் விளக்கடியிற் படித்துவிட்டுப் படுத்தவர், ஓரிரு நாளிற் கழுத்திலோ கன்னத்திலோ தீச்சுட்டதுபோல் கோடாகக் கொப்புளம் எழக் கண்டு, "எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது" என்பர். விடுதியில் ஆண்டுதோறும் கேட்கும் முறையீடு இது. குற்றவாளி பெரும்பாலும் சிலந்தி அன்று. செம்மையும் கருமையும் மாறிமாறி அமைந்த, எறும்பு போன்ற உடலையுடைய பேடரஸ் என்னும் சிறு வண்டு. வயலில் வாழ்வது, விளக்கை நாடி வருவது. அது கடிப்பதுமில்லை, கொட்டுவதுமில்லை. மேலே ஊர்வதை நாம் கையால் நசுக்கித் தேய்க்கும்போது அதன் உடல்நீர் தோலைச் சுடுகின்றது. நசுக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, இடத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவினால் தீர்ந்தது. மறுநாட் காலையில் விடுதி வேலையாட்கள் ஒட்டடைக் கோலெடுத்துச் சிலந்தியைத் தண்டிக்கின்றனர்! சமையலறையில் இரவில் உலவும் தட்டையான பெருஞ்சிலந்தியைக் கண்டு அலறாதார் இலர். அது தேடி வருவது கரப்பான்பூச்சியை. என் இல்லத்தரசியாரிடம் இதனைப் பலமுறை எடுத்துரைத்தும் பயனில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளுகின்றேன்.

மெய்யாகவே அஞ்சத்தக்கவை இல்லையெனக் கூறேன். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் மரப்பொந்துகளில் பகலில் ஒளிந்து இரவில் வெளிவரும் பொயிசிலோத்தீரியா என்னும் உரோமச் சிலந்தி கடிப்பின் கடுநோவும் தசைப்பிடிப்பும் உண்டாகும். ஆனால் அதற்கு நம்மால் நேரும் அச்சமே மிகுதி. அவ்வகையுள் நீலநிறமுடையது ஒன்றை 1899-இல் போகாக் என்பவர் ஆந்திர நாட்டுக் கூட்டியிற் கிடைத்த மாதிரியை வைத்து வெளியிட்டார். பின்னர் ஒரு நூற்றாண்டுக் காலம் எவர் கண்ணிலும் படாதிருந்து, 2001-இல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் அகப்பட்டது. அழகுக்காக வளர்ப்போர் விலை கொடுத்து வாங்குவதால் இவ்வகை முழுவதும் உலக வாணிப ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொணரப்பட்டது. அக்கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்த 2019 நவம்பர் 26-ஆம் நாளே கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாய்த் தோன்றிய நாளும் ஆம். தொடர்பொன்றுமில்லை, எனினும் குறித்துவைக்கத் தோன்றுகின்றது.

என் வேண்டுகோளுக்கு வருகின்றேன். செய்முறை வகுப்புகளுட் பருவத்திற்கு இரண்டையேனும் அந்தி ஆறு மணிக்கும் விடியல் ஐந்து மணிக்கும் மாற்றவேண்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் இடந்தராது என்பர். பாடத்திட்டம் சிலந்தியைப் படிக்கச் சொல்கின்றதேயன்றி எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. விடுதி ஒழுங்கு கெடும் என்பர். இஃது ஓரளவு நியாயம். ஆசிரியர் உடனிருக்கவேண்டும். மாணவியர் விடுதியின் முற்றத்திலேயே அவர்க்கு வகுப்பு நடத்தலாம். அங்கேயும் வலைகள் உள. பாம்புக்கு என் செய்வதென்பர். செருப்பும் விளக்கும் இன்றி எவரும் வரக்கூடாது; மலைநாட்டு மாணவர் அனைவரும் இரவில் நடந்து வளர்ந்தவரே, அவர்களை முன்னே விடலாம். அவர்கள் வகுப்பிற் பின்வரிசையில் அமர்ந்திருப்பதை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கின்றேன். அன்றைக்கு மட்டுமேனும் அவர்கள் ஆசிரியராயிருப்பர்.

மற்றொன்று சிறியது. எழும்பூர்க் கண்காட்சிச் சாலையின் தலைவராய் 1920 முதல் 1940 வரை இருந்த கிரேவ்லி துரையவர்கள் தென்னிந்தியச் சிலந்திகளைப் பற்றி எழுதியவை இன்னும் ஆராய்ச்சியாளர்க்குப் பயன்படுகின்றன. திகாதர் 1987-இல் இந்தியச் சிலந்திகளுக்கு ஒரு கைநூல் இயற்றினார். விஜயலட்சுமியும் பிரெஸ்டன் அகிமாஸும் 1993-இல் சென்னையில் க்ரியா வாயிலாக ஓர் அறிமுக நூல் வெளியிட்டனர். நமது வட்டாரத்துக்கு இன்ன சிலந்தி இன்ன பொழுதில் என்று ஒரு நாட்குறிப்பைத் தமிழில் எழுதிவைக்க மாணவர் பத்துப்பேர் ஓராண்டு முயன்றாற் போதும். கலாசாலை இதற்குச் செலவிடவேண்டியது பத்து டார்ச் விளக்கும் பத்துக் குறிப்பேடும்.

முதல் ஏட்டை யானே தொடங்கிவிட்டேன். நூல்நிலையத் தாழ்வாரத்து மூன்றாம் தூணருகே விளக்குக்கம்பத்தில் நியோஸ்கோனா ஒன்று மாலை ஆறரை மணியளவில் இறங்குகின்றது. விடியலில் வலையை உண்டுவிடுகின்றது. பார்க்க விரும்புவோர் என் அறையில் வந்து பெயர் கொடுக்கலாம். தாழ்வாரத்தைப் பெருக்குவோர் ஒட்டடைக் கோலுடன் வருவது வெள்ளிக்கிழமை, அதற்குள் வரவேண்டும்.